இலக்கம் 47/3

தொலைபேசியில் ஒரு சொல் போதுமாயிருந்தது.
"அறை இருக்கெண்டு போர்ட் பார்த்தனான்" என்று
பழகி வைத்த பேச்சில் தொடங்கி
"தனியவோ?" என்று கேட்டதற்கு
வாய் தவறி "ஆமாங்க" என்றேன்.
மறுமுனையில் ஒரு மூச்சின் நீளம்.
பிறகு,
"அறை குடுத்தாச்சுப் பிள்ளை."
கேற்றில் தொங்கிய போர்ட்
அடுத்த கிழமையும் அங்கேயே தொங்கியது.

டிப்போச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
ஓம், ஓம் என்று சொல்லிப் பார்ப்பேன்.
பக்கத்தில் நின்றவர்
ஏதோ நேர்த்தி என்று நினைத்திருப்பார்.

கார்மென்ட்ஸில் தையல் பார்க்கும் வேலை எனக்கு.
கோணலை விரல்நுனி கண்டுபிடித்துவிடும்,
கேள்வியில் இருந்தாலும்.
"சொந்த இடம்?"
பசறை.
"பசறை ரவுணோ?"
ரவுணுக்கு மேலே.
"மேல எண்டால்?"
மேலே என்றால் மூன்று கிலோமீற்றர் ஏற்றம்,
பிறகு லயம்.
அதைச் சொல்லாமல்
கேற்றின் துருவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

தரகர் அருமைத்துரை நல்ல மனிதர்.
ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.
"உங்கட ஆக்கள் கனபேர் அங்கால இருக்கினம்,
அங்க பாத்தால் உமக்கும் சுகம்"
என்று மட்டும் சொன்னார்.
அதற்கும் ஐந்நூறு ரூபா.

கடைசியில் கரடிப்போக்குக்கு உள்ளே,
இராசமலர் அக்காவின் வளவு.
வீட்டுத்திட்டத்து வீடு, பூசாத சுவர்,
பின்பக்கம் தகரம் இறக்கிய ஓர் அறை.
அவர் கேட்டது ஒன்றேதான்:
"இரவில லைற் போட்டுக்கொண்டு படுப்பியோ?"
இல்லையக்கா.
"நான் போடுவன்.
கரண்ட் காசில பாதி தரவேணும்."

ஆறாயிரம் வாடகை. சம்பளத்தில் அது போனால்
வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது சில்லறை.
தனியாய் வந்த பெண்களின் வாடகைக்கு
ஒரு நிறுவனம் மூன்று மாதம் உதவுமாம்.
விதானையாரின் அத்தாட்சி கேட்டார்கள்.
விதானையார் வீட்டுக்காரியின் கடிதம் கேட்டார்.
வீட்டுக்காரி
அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்:
"எனக்கே உறுதி இல்லை, பெர்மிற்தான்.
நான் ஆருக்கு என்ன கடிதம் எழுத?"

பிறகு ஒன்பது நாள் அந்தப் பேச்சில்லை.
பத்தாம் நாள் விடிய
கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்,
கறிச்சட்டியைப் பாரமாக வைத்து.
"மேற்படி பிள்ளை என் வளவில் இருக்கிறா."
அவ்வளவுதான். கையெழுத்து இரண்டு இடத்தில்.
"எட்டு இடம் மாறி இருந்தனான்,
ஒருத்தரும் என்னட்டைக் கடிதம் கேக்கேல்லை" என்றார்.
அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்
வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

படிவத்தில்
நிரந்தர முகவரி என்றொரு கட்டம்.
எங்கள் தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும்.
பெரட்டுக்களத்தில் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்,
நினைவு வந்தால்.
ஒரு வேலைக்கு என்னை நேரில் அழைத்த கடிதம்
பதினொரு நாள் அந்த மேசையில் கிடந்தது.
அழைத்த நாள் ஒன்பதாவது.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
தற்காலிக முகவரியில் 47/3 என்று
அழுத்தி எழுதினேன், அடுத்த தாளிலும் பதிந்தது.

ஒரு சனிக்கிழமை சைக்கிள் மணி.
"கருப்பையா லோகேஸ்வரி ஆர்?"
ஆமாங்க, நான்தாங்க.
தபால்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
கடிதத்தைத் தந்துவிட்டு மிதித்துப் போனார்.

போதிய ஆவணங்கள் இன்மையால்
தங்கள் விண்ணப்பத்தை ஏற்பதற்கில்லை.

இரண்டு தரம் வாசித்தேன்.
கடிதத்தை மடித்து அரிசி வாளிக்கடியில் வைத்தேன்.
உறையை மட்டும்
கதவுக்குப் பின்னால், தகரத்தில்,
பிசின் நாடாவால் ஒட்டினேன்.
அக்கா எட்டிப் பார்த்து,
"காசு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

இல்லையக்கா,
கடிதம் வந்திருக்கு.